மூன்று மாதம் நிறுத்தி வைத்த பழைய காடி: எது கெட்டிருக்கிறது, எப்படிச் சரி செய்வது

குளிர்நாடுகளில் பழைய காடி, அதாவது கார், வைத்திருப்பவர்கள் குளிர் தொடங்கும் முன்பே அதைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். பனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டும் உப்பு தகரத்தைத் தின்றுவிடும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து ஒன்பது விழுக்காடு பெருத்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். மலேசியாவில், பினாங்கில் நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. நம் தொல்லை வேறு. செப்டம்பரில் பிடிக்கும் மழை நவம்பர் வரை இழுக்கும், மழை விட்டாலும் காற்றில் ஈரம் விடாது, போதாததற்குச் சுற்றிலும் கடல். நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை என்று குளிர்நாட்டுக்காரர் எழுதிய பட்டியலை அப்படியே கொண்டுவந்து நம் வீட்டு போர்ச்சில் செய்தால் பாதி உதவும், மீதிப் பாதி காடியைக் கெடுக்கும். நான் கெடுத்தேன்.

அப்பாவின் 1965 மோரிஸ் மைனர், 1098 சிசி. மூன்று மாதம் இந்தியாவுக்குப் போக வேண்டியிருந்தது. பட்டியலைப் பார்த்து ஒன்று விடாமல் செய்துவிட்டு, பிளாஸ்டிக் கித்தானால் இறுக்கிப் போர்த்தி, சாவியை மச்சினனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது என்னென்ன கோளாறு இருந்தது, எதனால் வந்தது, எப்படிச் சரி செய்தேன், அடுத்த முறை நிறுத்துவதற்கு முன் என்ன செய்கிறேன் என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுடையது டட்சுன் 120ஒய், பீட்டில், பழைய மினி எதுவாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். ஒன்று மட்டும் முன்கூட்டியே: நம் ஊரில் பெட்ரோலையும் எண்ணெய் என்போம், எஞ்சின் ஆயிலைக் கறுப்பு எண்ணெய் என்போம். குழப்பம் வேண்டாம், இங்கே பெட்ரோலைப் பெட்ரோல் என்றே எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

பேட்டரி. வேறு எதையும் கழற்றாதீர்கள், முதலில் மீட்டரை வையுங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி. 12-க்குக் கீழே போயிருந்தால் கிட்டத்தட்டக் காலி, அப்படியே பல வாரம் கிடந்திருந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்திருக்கும், சார்ஜ் போட்டாலும் பழையபடி தேறாது. சூட்டில் பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும், அதனால் குளிர்நாட்டில் மூன்று மாதம் தாங்குவது இங்கே தாங்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் காடிகளில் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும், இப்போதைய காடிகளில் நெகட்டிவ். பக்கத்து வீட்டு மைவி காடியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யப் போகிறீர்கள் என்றால் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ், பேட்டரி முனைகளிலேயே கவ்வுங்கள். பாடியில் கவ்வுவதில் இரண்டுக்கும் முறை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைவிட முக்கியம், இரண்டு காடிகளின் பம்பரும் எங்கேயும் தொடக்கூடாது. தொட்டால் நேரடி ஷார்ட். என் வீட்டு வாசலில் பறந்த பொறியைப் பார்த்து எதிர்வீட்டுப் பாட்டி தீபாவளி அதுக்குள்ளேயே வந்துவிட்டதா என்று கேட்டார்.

நிறுத்தும் முன்: பாடிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிடுங்கள், உங்களுடையது எந்த முனையானாலும் சரி. வீட்டில் ஆள் இருந்தால், நிறைந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும் சார்ஜரில் மாட்டிவிடலாம்.

'விர்ர்' என்று சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் அசையவில்லை

இது பழைய லூகாஸ் ஸ்டார்ட்டருக்கே உரிய வியாதி. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றும்போது அதன் முனையில் உள்ள சிறிய பற்சக்கரம் முன்னே ஓடி ஃபிளைவீலைக் கவ்வ வேண்டும். அது ஓடும் தண்டில் அழுக்கும் துருவும் சேர்ந்தால் நகராது, மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றும். கழற்றி பெட்ரோலில் கழுவிக் காயவைத்தால் போதும். கிரீஸ் தடவாதீர்கள், ஆயிலும் வேண்டாம், கிளட்ச் தூசி அதில் ஒட்டி மறுபடி அதே கதைதான். நான் முதல் தடவை நல்லெண்ணத்தில் நிறையத் தடவினேன், இரண்டே மாதத்தில் திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று.

எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை

காதை வையுங்கள். மைனரில் பெட்ரோல் பம்ப் எலெக்ட்ரிக், பானெட்டுக்குள் பின்சுவரில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் 'டக் டக் டக்' என்று சில தடவை அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். அந்தச் சத்தத்திலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

சத்தமே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் (மின்சாரம் தொட்டுப் பாயும் முனை) ஈரத்தில் கறுத்துப்போயிருக்கிறது. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் பம்ப் உடலை மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும். அது முதலுதவிதான், அப்புறம் மூடியைத் திறந்து பாயிண்ட்டைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை, எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது கார்புரேட்டரில் ஊசி ஒட்டிக்கொண்டு வெளியே வழிகிறது. மூன்றாவதாக இருந்தால் மூக்கு சொல்லும், உடனே சாவியை அணையுங்கள்.

பம்ப் ஒழுங்காக அடித்து நின்றும் பற்றவில்லையா? டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் சுர்ரென்று ஏறும். கெட்டது பழைய வார்னிஷ் டப்பா மாதிரி மந்தமாக நாறும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால் பற்றுவது கடினம், மிச்சம் பிசின் மாதிரி கார்புரேட்டரின் ஜெட் என்ற நுண்துளையில் படியும். வாயால் உறிஞ்சாமல் கைப்பம்ப் வைத்து வெளியே எடுங்கள், ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் விடுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். என் ஜாடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர், அதற்கடியில் செங்காவித் தூள். மைனர் டாங்கி முப்பது லிட்டர்கூடப் பிடிக்காது, நான் கால் டாங்கியோடு விட்டுப் போயிருந்தேன். மீதி முக்கால் இடமும் காற்று. பகலில் சூடாகி வெளியேறும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும், ஈரம் தகரத்தில் வேர்த்துச் சொட்டும். தொண்ணூறு நாள் இப்படியே மூச்சு விட்டால் துரு வராமல் என்ன செய்யும்?

நிறுத்தும் முன் டாங்கியைக் கழுத்து வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்தை ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி ஒரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வையுங்கள்.

பெட்ரோல் நன்றாக இருக்கிறது, ஸ்பார்க்தான் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உட்பக்கம் காய்ந்த துணியால் துடையுங்கள். பாயிண்ட்டின் இரண்டு முகமும் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், நைசான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 25 தௌ. பிளக் ஒயர்களை இரவில் இருட்டில் எஞ்சினைச் சுற்ற வைத்துப் பார்த்தால், ஈரம் ஏறியதில் நீலப் பொறி பாய்வது தெரியும்.

பற்றியது, ஆனால் திணறுகிறது, நாற்றமும் வருகிறது

ஏர் ஃபில்டரைத் திறங்கள். எலி. நான் திறந்தபோது கிழிந்த நாளிதழ், தேங்காய் நார், அரைத் துண்டு ரொட்டி சானாய் என்று ஒரு குடும்பமே இருந்து காலி செய்து போயிருந்தது. ஒயர் தோலைக் கடித்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள், குறிப்பாகப் பேட்டரி தட்டுக்குப் பின்னால். போகும் முன் புகைக்குழாய் வாயிலும் ஃபில்டர் மூக்கிலும் துணியை அடைத்து, அதில் நீண்ட சிவப்பு ரிப்பனைக் கட்டி ஸ்டியரிங்கில் ஒரு சீட்டும் ஒட்டிவிட்டுப் போங்கள். துணி இருப்பதை மறந்து ஸ்டார்ட் செய்தவர்களும் உண்டு, பெயர் வேண்டாம், கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் ஓடுகிறது, சத்தம் லாரி மாதிரி

சைலன்சர் ஓட்டை. இதற்குக் காரணம் என் மச்சினன், பாவம், அவன் மேல் தப்பில்லை. "வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணேன் மாமா, ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சேன்" என்றான். நான்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் போனேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். குழாய் நன்றாகச் சூடேறினால் அது வாசல் வழியே போய்விடும். இரண்டு நிமிடத்தில் குழாய் சூடேறாது, ஆவி சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து குளமாக நிற்கும், அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்து அரிக்கும். கறுப்பு எண்ணெயிலும் அதே தண்ணீர் கலந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்பக்கம் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக ஒட்டியிருக்கும். அந்த வெண்ணெய் மட்டும் இருந்து ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பதறவேண்டாம், ஆயிலை மாற்றி அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டினால் போய்விடும்.

ஆக, யாரிடமாவது சாவி கொடுத்தால் இரண்டில் ஒன்று சொல்லுங்கள்: வெளியே எடுத்து இருபது முப்பது நிமிடம் ஓட்டு, இல்லையென்றால் தொடவே தொடாதே. நிறுத்துவதற்கு முன்பே புது ஆயில் மாற்றிவிடுவது நல்லது. பழைய ஆயிலில் கலந்திருக்கும் அமிலம் மூன்று மாதம் பேரிங்கில் ஊறவேண்டிய அவசியமில்லை. முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் கவலை வேண்டாம். வெள்ளைப்புகை கால் மணி நேரம் ஆகியும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால்தான் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

கியரில் போட்டால் முக்குகிறது, நகரவில்லை

முதலில் எது பிடித்திருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் வைத்துக் கையால் தள்ளினால் நகர்கிறதா? நகராவிட்டால் பிரேக். நகர்ந்து, ஆனால் எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்தும் கியர் கரகரவென்று விழாமல் இருந்தால் கிளட்ச் தகடு ஃபிளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிரேக் என்றால் என் மாதிரி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். பின் டிரம்முக்குள் லைனிங் துருவோடு துருவாக ஒட்டிவிடும். எஞ்சின் பலத்தால் இழுத்துப் பிய்க்கலாம் என்று நினைத்தேன், பட்டர்வொர்த் போர்மேன் (மெக்கானிக்) அண்ணன் போனிலேயே கத்தினார், லைனிங் தனியாகக் கழன்று உள்ளே சிக்கிக்கொள்ளுமாம். ஹேண்ட் பிரேக்கை விட்டு, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துப் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் முகத்தைச் சுற்றி ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவது சுற்றில் 'ணங்' என்றிருந்த சத்தம் 'ணொய்ங்' என்று மாறியது, டிரம் சுற்றியது. டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

கிளட்ச் ஒட்டியிருந்தால் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, திறந்த வெளியில், எதிரே ஆள் இல்லாத இடத்தில், அணைத்துக் கியரில் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். படக்கென்று விடுபடும். பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே இதைச் செய்யவேண்டும்.

இப்போதெல்லாம் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சீட்டுக்கும் கிளட்ச் பெடலுக்கும் நடுவே அளவாக வெட்டிய விளக்குமாற்றுக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து, பெடல் மிதித்த நிலையிலேயே விட்டுவிடுகிறேன்.

பிரேக் பெடல் தரையைத் தொடுகிறது

காடியை எடுக்காதீர்கள். கொஞ்சம் பம்ப் பண்ணினால் பிடிக்கிறதே என்று கடைக்குக்கூடப் போகாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. டாட் 3 என்ற வகை புதிதாக 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் 140-லேயே கொதித்துவிடும். டாட் 4-க்கு அது 230, 155. பினாங்கு மலைப்பக்கம் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்த வித்தியாசம் தெரியும். அந்த ஈரம்தான் வீல் சிலிண்டருக்குள் குழி குழியாக அரித்து ரப்பரைக் கிழிக்கிறது. ஒவ்வொரு டயரின் உட்பக்கத்தையும் பாருங்கள், ஈரமாக வழுவழுப்பாக இருந்தால் அந்தச் சக்கரத்துச் சிலிண்டர் போய்விட்டது. டயர் எல்லாம் காய்ந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது டிரைவர் காலுக்கடியில், கம்பளத்தைத் தூக்கினால் மூடி தெரியும். பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது, அப்பா இருபது வருடம் ஓட்டியும் ஒருமுறைகூட அதைத் திறந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுவது, அதையும் மழைக்காலம் தொடங்கும் முன்பே முடிப்பது, என் வழக்கம்.

ரேடியேட்டர் தண்ணீர் தே தாரிக் டீ நிறத்தில் இருக்கிறது

"இங்கே என்ன பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு" என்று குழாய்த் தண்ணீரை ஊற்றுவோம். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான், துருப்பிடிக்காமல் காப்பதும் அதனுடைய வேலையே. மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மீதி காய்ச்சி வடித்த நீர். பழுப்புத் தண்ணீரை வடித்து, தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

கதவைத் திறந்தால் பழைய நூலக வாடை, சீட்டில் வெள்ளைப் பூஞ்சை

என் பிளாஸ்டிக் கித்தானின் கைங்கரியம். ஈரம் உள்ளே போகாமல் தடுக்கும் என்று போர்த்தினேன், உள்ளே இருந்த ஈரம் வெளியே போகாமல் தடுத்தது. பானெட்டில் பெயின்ட் அம்மை போட்டதுபோல் சிறு சிறு கொப்புளம், அது இன்றுவரை போகவில்லை, உரித்து அடித்தால்தான் உண்டு. பூஞ்சைக்கு முகத்தில் மாஸ்க் போட்டு, வெயிலில் நான்கு கதவும் திறந்து, வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டேன். தரைக் கம்பளத்தை முழுக்க எடுங்கள், மைனரில் துரு முதலில் தொடங்கும் இடங்களில் ஒன்று அதற்கடியில். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.

இப்போது காற்றுப் போகும் துணி உறை மட்டும்தான், அதற்கு முன் அடிப்பக்கம் வரை நல்ல தண்ணீரில் கழுவி, கடற்காற்று உப்பு போனபின் நன்றாகக் காயவிட்டு, கண்ணாடிகளை ஒரு விரல் அகலம் இறக்கிவிடுகிறேன். அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைக் காடியில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதில் சேர்வது கால்சியம் குளோரைடு கரைசல், கவிழ்ந்தால் தகரத்துக்கு அது உப்புக்கு அண்ணன். வைத்தால் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்து, யாராவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

நிறுத்தும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 4, 5-இல் பினாங்கில் பெய்த மழையையும் வந்த வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். அடித்தளப் பார்க்கிங்கும் பள்ளமான சந்தும் வேண்டவே வேண்டாம், வாடகை கொஞ்சம் கூடினாலும் மேட்டில் வையுங்கள்.

ஓட்டினால் 'தடக் தடக்' என்று குதிக்கிறது

டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகியிருக்கிறது. பெரும்பாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறினால் உருண்டையாகிவிடும். ஆகவில்லை என்றால் டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 1816 என்றிருந்தால் 2016-இன் பதினெட்டாவது வாரம் செய்தது. பத்து வருடத்து டயரை உருண்டையாக்கி என்ன ஆகப்போகிறது, மாற்றிவிடுங்கள். போகும் முன் வழக்கத்தைவிடப் பத்து பி.எஸ்.ஐ. கூட்டிக் காற்றடித்தால் போதும், திரும்பி வந்து ஓட்டும் முன் குறைக்க மறக்காதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு நான் ஜெலுத்தோங்கிலிருந்து குளுகோர் வரை போய்த் திரும்பினேன், ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, ரோடு காலி. வீட்டுக்கு வந்ததும் இறங்கி நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகத் தகித்தால் அந்த பிரேக் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்றிரவு காடிக்கடியில் நாளிதழை விரித்து வைத்து மறுநாள் காலை பாருங்கள். எஞ்சினுக்குக் கீழே கறுப்பாக நாலைந்து சொட்டு இருந்தால் அது மைனரின் பிறவிக்குணம், விட்டுவிடலாம். சக்கரத்தடியில் நிறமில்லாமல் வழுவழுவென்று ஒரே ஒரு சொட்டு இருந்தாலும் சாவியை உள்ளே வைத்துவிட்டு மேலே பிரேக் பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.